சாட்பாட் குடுக்குற குறள் நிஜமான்னு செக் பண்றது எப்படி?

போன மாசம் பொண்ணுக்கு ஸ்கூல்ல பேச்சுப்போட்டி. நட்பைப் பத்தி ஒரு குறள் வேணும்னு ஏஐ சாட்பாட்ல கேட்டேன், உடனே ரெண்டு அடி, பொருள், குறள் எண் 645ன்னு எல்லாமே வந்துச்சு, அவளும் மனப்பாடம் பண்ணிட்டா. போட்டிக்கு முதல்நாள் தமிழ் டீச்சர் கேட்டுட்டு "இப்படி ஒரு குறளே இல்லையேம்மா"ன்னுட்டாங்க. புள்ள அழுதுட்டே வந்தா. அதுல இருந்து இப்படித்தான் செக் பண்றேன்.

ஸ்டெப் 1: எண்ணைப் பாருங்க. கடைசி இலக்கத்தை எடுத்துட்டு மீதியோட 1 கூட்டினா அதிகாரம் வந்துடும் (0ல முடிஞ்சா கூட்ட வேணாம்). 645ன்னா 65வது அதிகாரம், அது சொல்வன்மை. நட்பு 79வது, 781ல இருந்து 790 வரைக்கும். பாதி டூப்பு இங்கயே மாட்டிக்கும்.

ஸ்டெப் 2: சீர் எண்ணுங்க, முதல் அடியில 4, ரெண்டாவது அடியில 3.

ஸ்டெப் 3: இங்கதான் நான் ஏமாந்தேன். "நிச்சயமா?"ன்னு அதுகிட்டயே கேக்காதீங்க. நான் கேட்டதும் மன்னிப்பு கேட்டு இன்னொண்ணு குடுத்துச்சு, அதுல முதல் அடி உண்மையான குறள், ரெண்டாவது அடி அதுவா கட்டுனது, சீரும் சரியா இருக்கு, எப்படிக் கண்டுபிடிப்பீங்க? அப்புறம் ஒரு சரியான குறளைப் போட்டு "இது தப்பாச்சே"ன்னு சொல்லிப் பாத்தேன், அதுக்கும் மன்னிப்பு கேட்டு மாத்திடுச்சு. அடுத்து எந்தச் சொல் வரும்னு கணிச்சு எழுதுறதுதான் அதோட வேலை, அதனால இருக்குறதையும் இல்லாததையும் ஒரே தெம்போட சொல்லும்.

ஸ்டெப் 4: மூலத்துல தேடுங்க. மதுரைத் திட்டம் தளத்துல திருக்குறள் முழுசா இலவசமா இருக்கு. முழு அடியையும் போட்டுத் தேடாதீங்க, சீர் பிரிக்கிறது இடத்துக்கு இடம் மாறும், அதனால சரியான குறள்கூட சிக்காது. அதிகம் புழங்காத ஒரு சொல்லை மட்டும் போடுங்க. எனக்குக் கையடக்கப் புத்தகம்தான் பிடிக்கும், அதிகாரம் தெரிஞ்சா பத்து செகண்ட்ல பாத்துடலாம்.

பேச்சுக்கு ஐடியா, ஒரு குறளோட பொருளை எளிமையா சொல்றது, இதுக்கெல்லாம் இன்னும் சாட்பாட்தான் யூஸ் பண்றேன். மேற்கோளும் எண்ணும் மட்டும் அதுகிட்ட இருந்து அப்படியே எடுக்குறதில்ல. 2023ல நியூயார்க்ல சாட்ஜிபிடி குடுத்த இல்லாத தீர்ப்புகளை மனுவுல போட்ட வக்கீல்களுக்கு கோர்ட் 5,000 டாலர் அபராதம் போட்டுச்சு, அவங்கள்ல ஒருத்தரும் "இது நிஜமா"ன்னு அதுகிட்டயே கேட்டிருக்கார்.

அப்டேட்: புத்தகத்துல குறள் இருக்கு, ஆனா எண் இடிக்குதுன்னு ஒருத்தர் எழுதியிருந்தாங்க. மணக்குடவர் உரைப் பதிப்பா இருக்கும், பாருங்க. அதுல குறள் வரிசை பரிமேலழகர் வரிசையில இருந்து மாறும். இப்ப நாம சொல்ற எண் பரிமேலழகர் வரிசைப்படி, அதனால அந்த அதிகாரம் முழுக்க ஒரு தடவை ஓட்டிப் பாத்துடுங்க.