டெலஸ்கோப் இல்லாம வீட்லயே பிள்ளைங்களுக்கு வானவியல்: எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

அஸ்ட்ரானமின்னதும் நிறைய பேர் முதல்ல டெலஸ்கோப் விலையைத்தான் பாக்குறாங்க, இல்லைன்னா எட்டு கிரகத்து பேரையும் மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க. ரெண்டுமே இப்போதைக்கு வேணாம். நிலாவுல ஆரம்பிங்க, அதுவும் நீங்க விளக்கம் சொல்றதுக்கு முன்னாடி பிள்ளை பாத்துடணும்.

ஸ்டெப் 1: வரையச் சொல்லுங்க

அமாவாசை முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல, சூரியன் மறைஞ்சதும் மேற்கே மெல்லிசா பிறை தெரியும். அன்னைலேருந்து தினமும் அதே நேரம் அதே இடத்துல நின்னு நிலாவை ஒரு நோட்ல வரையட்டும், பக்கத்துல தெரியுற மரம், கட்டடத்தையும் சேர்த்து. நிலா நாளுக்கு நாள் கிழக்கே தள்ளிப் போறது தானா புரியும். பௌர்ணமி தாண்டினதும் "நிலாவைக் காணோம்"னு வந்து நிப்பாங்க. அது தினமும் சராசரியா 50 நிமிஷம் லேட்டா உதிக்கும், அதனால தேய்பிறையை காலையில தேடச் சொல்லுங்க.

ஸ்டெப் 2: பல்பும் பந்தும்

இதுதான் முக்கியம், அவசரப்படாதீங்க. இருட்டு ரூம்ல மூடி இல்லாத ஒரு பல்பு, அதுதான் சூரியன். பிள்ளையோட தலை பூமி. குச்சியில சொருகின சின்ன வெள்ளைப் பந்து நிலா. பந்தை கையை நீட்டி தலைக்குக் கொஞ்சம் மேல பிடிச்சுக்கிட்டு பல்பைப் பாத்து நிக்கணும், அப்போ நம்ம பக்கம் இருட்டா இருக்கும், அது அமாவாசை. அப்படியே இடது பக்கமா மெதுவா திரும்பினா பிறை, பாதி நிலா, பல்புக்கு முதுகு காட்டுறப்போ பௌர்ணமின்னு ஒவ்வொண்ணா வரும். பூமியோட நிழல் விழுந்துதான் நிலா தேயுதுன்னு பெரியவங்களே பல பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க, இங்க பாதி நிலா வர்றப்போ தலையோட நிழல் பந்துக்குப் பக்கத்துலயே இல்லைங்கிறதைக் காட்டிடுங்க.

பௌர்ணமியில கையை இறக்கினா நிழல் பந்து மேல விழும், அதுதான் சந்திர கிரகணம். "அப்போ மாசாமாசம் ஏன் வரல?"ன்னு கேட்டா சந்தோஷப்படுங்க. நிலாவோட பாதை சுமார் 5 டிகிரி சாஞ்சிருக்கு, அதனால பெரும்பாலும் நிழலுக்கு மேலயோ கீழயோ போயிடும்.

ஸ்டெப் 3: எவ்வளவு தூரம்?

பேஸ்கட்பால் பூமின்னா டென்னிஸ் பந்து நிலா. நிலாவை எங்க வைக்கணும்னு கேளுங்க, பெரும்பாலும் ஒரு அடி தள்ளி வைப்பாங்க. சரியான இடம் சுமார் 7 மீட்டர் தள்ளி! இதே அளவுல சூரியன் 26 மீட்டர் அகலத்துல கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

ஸ்டெப் 4: நட்சத்திரம்

டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் ராத்திரில ஓரியன்கிற நட்சத்திரக் கூட்டம் சுலபமா கிடைக்கும், வரிசையா மூணு நட்சத்திரம், அதுக்கு ஒரு பக்கம் சிவப்பா திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலமா ரைஜல். கண்ணு இருட்டுக்குப் பழக 20 நிமிஷமாவது ஆகும், டார்ச்ல சிவப்பு பேப்பர் ஒட்டிக்கோங்க, மொபைலை உள்ளயே வச்சுடுங்க (ஸ்டெல்லேரியம் ஆப்ல எங்க என்னன்னு முன்னாடியே பாத்துக்கலாம்).

இவ்வளவும் பிடிச்சுப்போச்சுன்னா பைனாகுலர் வாங்குங்க, 7x50 இல்லைன்னா 10x50 (முதல் நம்பர் எத்தனை மடங்கு பெருசா காட்டும்கிறது, ரெண்டாவது முன்பக்க லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல). ஆடாம எது மேலயாவது தாங்கிப் பிடிச்சா வியாழன் பக்கத்துல புள்ளி புள்ளியா அதோட நிலாக்கள் தெரியும், 1610-ல கலிலியோ பாத்த அதே நாலு. பகல்ல மட்டும் அதைப் பிள்ளை கையில தனியா கொடுக்காதீங்க, அது வழியா ஒரு செகண்ட் சூரியனைப் பாத்தாலும் கண்ணு போயிடும்.