ஃபேன் சுற்றவில்லையா? திருப்புளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டக்களப்பில் கணினி திருத்துகிறவர்களுக்கு வேலை கூடும். தூசி ஒரு பக்கம், கடலும் வாவியும் தரும் உப்பு ஈரம் இன்னொரு பக்கம். கல்லடியில் உள்ள என் சின்னக் கடைக்குப் போன கிழமை மட்டும் மூன்று கிராபிக்ஸ் காட் (கணினித் திரைக்குப் படம் தரும் பலகை) வந்தன. மூன்றுக்கும் ஒரே முறைப்பாடு, காட்டைக் குளிர்விக்கிற ஃபேன் சுற்றுவதில்லை. அதில் இரண்டு வீட்டிலேயே கழற்றிக் கெடுத்தவை. நானும் ஒரு காலத்தில் இப்படிக் கெடுத்தவன் என்பதால் திட்ட வாய் வரவில்லை.

இப்படி ஃபேனைத் திருத்தப் போய்ச் செய்கிற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன். பவர் வயரைச் செருக மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நிற்கிற ஃபேனைக் கண்டதும் காட்டைப் பிரிப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். 2014இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900 வரிசைக் காட்கள் வந்த காலத்திலிருந்து, பல காட்களில் வேலை இல்லாதபோது ஃபேன் நிற்கும்படியே செய்கிறார்கள். சூடு 50, 60 பாகையைத் தாண்டினால்தான் அது சுற்றத் தொடங்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து பார்த்தால் ஃபேன் நிற்கத்தான் செய்யும்.

இது தெரியாமல் ஒரு வாடிக்கையாளரின் காட்டைப் பிரித்தேன். உள்ளே, சூட்டைக் கடத்தச் சில்லின்மேல் பூசுகிற பேஸ்ட் காய்ந்து சீமெந்தாகியிருந்தது. ஹீட்சிங்கை, அதாவது சில்லின்மேல் இருக்கிற சூடு தணிக்கும் உலோகப் பகுதியை, பிடித்து ஒரே இழுவை. 'டக்' என்று ஒரு சத்தம். ஃபேன் வயர் விரல் நீளம்கூட இல்லை, அதன் மறுமுனை போர்டில் செருகியபடியே இருந்திருக்கிறது. வெள்ளைச் சொக்கட் செப்புத் தடத்தையும் உரித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. சுகமாக நடந்து வந்தவனைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலை முறித்த கதை. அவருக்கு என் காசில் வேறு காட் வாங்கிக் கொடுத்தேன்.

போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து வந்த தம்பி, அதே மாதிரிச் சொக்கட்டைக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்திருந்தான். "அண்ணே, இத ஒட்ட ஏலுமா?" காட் போன வழி எனக்குக் கேட்காமலே விளங்கியது.

கழற்றுவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழியுங்கள். ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் ஃபேன் வேகத்தைக் கையால் 70 வீதத்துக்கு ஏற்றுங்கள். சுற்றினால் ஃபேன், வயர், சொக்கட் மூன்றும் நலம். அப்புறம் அந்த அளவைத் தானியங்கிக்கு மாற்றி, ஒரு கேமைத் திறந்து சூட்டைக் கவனியுங்கள். 60 பாகையைத் தாண்டியும் ஃபேன் அசையாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். 85ஐத் தொட்டால் கேமை மூடிவிடுங்கள்.

கையால் 70 வீதம் வைத்தும் சுற்றவில்லையா? கணினியை நிறுத்தி, பிளக்கையும் கழற்றிவிட்டு இறக்கையை விரலால் தட்டிப் பாருங்கள். இறுகி நின்றால் பெயாரிங்கில் கோளாறு, இல்லாவிட்டால் உள்ளே ஒரு வயர் சிக்கியிருக்கும். லேசாகச் சுழன்றால் மோட்டாரையோ இணைப்பையோ பார்க்க வேண்டும். ஒரே சொக்கட்டில் இரண்டு ஃபேன் இருந்து அதில் ஒன்று மட்டும் நிற்கிறதென்றால், சொக்கட்டுக்கு 12 வோல்ட் வருகிறது என்று அர்த்தம். குறை பெரும்பாலும் நிற்கிற ஃபேனில்தான்.

பிரித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகும். மின்சாரத்தைத் துண்டித்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஹீட்சிங்கை இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். ஒரு சென்டிமீட்டர் தூக்கியதும் நிறுத்தி, போன் லைட்டை அடித்து வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். பிளக்கை நகத்தால் நெம்பி எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

எண்ணெய்

தேங்காயெண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறார்கள். கொஞ்ச நாளில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரேயோ உள்ளே இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு என்றால் சரி. ஆனால் அச்சு ஆடுகிற ஃபேனுக்கு அதுவும் வீண். 2022 செப்டெம்பரில் கிராபிக்ஸ் காட்களை ஓட்டி எத்தீரியம் என்ற மின்னணுப் பணம் சம்பாதிக்கிற மைனிங் நின்ற பிறகு பழைய காட்கள் நிறையக் கைமாறின. இரவு பகலாக ஓடிய ஃபேனுக்கு எந்த எண்ணெயும் உதவாது, மாற்றத்தான் வேண்டும்.

புளோவர்

தூசியை ஊதும்போது ஃபேன் அளவுக்கு மீறிச் சுற்றாதபடி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

காட்டின் பெயரைச் சொல்லி ஃபேன் வாங்குவது

ஒரே பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் வேறு வேறு ஃபேன் போடும். ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஸ்க்ரூத் துளைகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து, பிளக்கின் பின்களை எண்ணி, படமும் எடுத்து அனுப்புங்கள். கொழும்பிலிருந்து பார்சல் வந்த பிறகு துளை மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், திருப்பி அனுப்புகிற காசும் உங்கள் தலையில்தான்.