சேலத்து வீட்டுப் பூந்தோட்டம்: மாதம் தவறினால் நேரும் பிழைகள்

மே மாதக் கோடைவிழாவுக்கு ஏற்காடு சென்று திரும்புவோர், பூத்து நிற்கும் ஹைட்ரேஞ்சியாத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை ஆண்டுதோறும் காணலாம். சேலத்தில் நான் கண்டவரை, அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்க, சேலம் 300 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. மலைக்குளிரில் வளர்ந்த செடி, 40 டிகிரியை ஒட்டிய வெயிலை ஒரே நாளில் சந்தித்தால் இலை கருகாமல் என்ன செய்யும்? ஆசை விடாதவர்கள் மழை தொடங்கி வெயில் தணிந்தபின் வாங்கி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைக்கட்டும். நீலமாக வாங்கிய பூ அடுத்த முறை இளஞ்சிவப்பாகப் பூத்தால் செடி விற்றவரை ஏசவும் வேண்டாம். அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால்தான் நீலம் வருகிறது. சுண்ணாம்பு கலந்த நீர் தொடர்ந்து பாய்ந்தால் அந்த நிறம் நிலைக்காது.

மல்லிகையில் நடக்கும் பிழை வேறு வகையானது. குண்டுமல்லி புதுத் தளிரில்தான் மொட்டு வைக்கும் என்பதால், நவம்பர் கடைசி வாரத்தில், அதாவது கார்த்திகையில், தரையிலிருந்து அரை மீட்டர் அளவுக்கு விட்டுக் கவாத்து செய்யவேண்டும். ஆனால் அப்போது செடியில் இருக்கும் நாலைந்து பூவை இழக்க மனமில்லாமல் தள்ளிப்போட்டு, மாசியில் தளிர் விட்டபின் கத்தரியை எடுப்பவர்களே அதிகம். அவர்கள் வெட்டி எறிவது பங்குனியில் பூக்கவேண்டிய கிளைகளை. குண்டுமல்லியை வெட்டிய கையோடு முல்லையையும் ஜாதிமல்லியையும் வெட்டிவிடுவதும் தவறே. ஜாதிமல்லிக்கு டிசம்பர் இறுதியும் முல்லைக்கு ஜனவரி இறுதியும் உரிய காலம். வெட்டியபின் காய்ந்த குச்சிகளையும் நோயுற்ற கிளைகளையும் நீக்கி, தொழு உரமிட்டு நீர் பாய்ச்சினால் தளிர் ஒன்றுபோல் கிளம்பும்.

சாமந்தி செழித்து வளர்ந்தும் மொட்டு வைக்கவில்லை என்றால், உரக்குறை என்று முடிவுகட்டுவதற்கு முன் இரவில் அதன்மீது வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். பகல் குறுகி இரவு நீளும்போது பூக்கும் செடி அது. எங்கள் வாசலில் விளக்கின் கீழ் இருந்த தொட்டிக்கு ஒரு பருவம் முழுவதும் பிண்ணாக்குக் கரைசல் ஊற்றிப் பயனில்லாமல், இடத்தை மாற்றிய பிறகே மொட்டைப் பார்த்தேன். கனகாம்பரத்துக்கு ஒரே எச்சரிக்கை: வேர் முடிச்சு நூற்புழு தாக்கிய மண்ணிலேயே மறுபடியும் அதை நடக்கூடாது.

நீர் ஊற்றுவதில், கோடையில் காட்டும் தாராளத்தை மழைக்காலத்திலும் தொடர்வது வேரை அழுகச் செய்யும். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சேலத்தில் நல்ல மழை இருப்பதால், தொட்டியின் அடித்தட்டை அகற்றிவிட்டு, விரலால் மண்ணைத் தொட்டுப் பார்த்தபின் ஊற்றினால் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கும் வீடுகளில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. அதற்கு யூரியா போடுவதில் பயனில்லை. மாடியில் விழும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்துவைத்து ரோஜாவுக்கு அவ்வப்போது தாராளமாக ஊற்றினால், தொட்டி மண்ணில் படியும் வெள்ளை உப்பு கரைந்து அடித்துளை வழியாக வெளியேறும்.