பிள்ளைக்கு வீல்சேர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் பிள்ளைகளுக்கு வீல்சேர் அளந்து பொருத்துவது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள், நாங்கள் ஆரம்பத்தில் செய்ததையே திரும்பச் செய்கிறார்கள். பிரேக் போட மறப்பது, டயரில் காற்று பார்க்காதது எல்லாம் வேலை பழகப் பழகத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"வளர்ற பிள்ளை, பெரிசா வாங்கிரலாம்"

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். வீட்டார் மேல் இல்லை. அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு ஆர்டர் போடுகிற நம் ஆட்கள் மேல்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் மூளை முடக்குவாதம் உள்ள சின்னப் பெண். இடுப்பு அகலம் 10 அங்குலம். உட்கார்ந்திருந்ததோ பெரியவர்களுக்கான 18 அங்குல நாற்காலியில். இரண்டு பக்கமும் தலையணை. "பாவாடை மாதிரிதான தம்பி, பெரிசா எடுத்தா ரெண்டு வருசம் வருமில்ல?" என்றார் அப்பத்தா. பாவாடையை மடித்துத் தைக்கலாம். முதுகெலும்பை என்ன செய்வது?

சீட் அகலமானால் பிள்ளை ஒரு பக்கமாகச் சாயும். இடுப்பெலும்பு கோணும், அதை ஈடுகட்ட முதுகெலும்பு வளையும். மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்தால் வளைவு இறுகிப்போகும். சீட் நீளமானால் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் இடிக்கும். பிள்ளை முன்னால் சறுக்கிக் கூன் போட்டு உட்காரும். நெஞ்சு ஒடுங்கும், மூச்சு விடுவதும் விழுங்குவதும் சிரமமாகும், வால் எலும்புப் பக்கம் புண் வரும். இத்தனைக்கும் மேல், கை சக்கர வளையத்துக்கு எட்டாது. தானே நகரக்கூடிய பிள்ளை, யாராவது வந்து தள்ளட்டும் என்று காத்துக் கிடக்கும்.

இடுப்புக்கு இருபுறமும் விரல் நுழையும் இடைவெளி போதும். பின்னிடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு மூன்று விரல் அகலம் குறைத்தால் சீட் நீளம். சரி, பிள்ளை வளருமே? சட்டத்தை அகலப்படுத்தவும் முதுகுப் பலகையைப் பின்னுக்கு நகர்த்தவும் முடிகிற மாடல்கள் உண்டு. அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அளவான நாற்காலியும் பக்கத் தாங்கிகளும் பொருத்திய அப்புறம், வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் மேல் தானே உருட்டிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போய், என்ன சமையல் என்று பார்த்துவிட்டு வந்தாள். உடம்பை நிமிர்த்திப் பிடிக்கவே செலவான தெம்பு இப்போது கைக்குக் கிடைக்கிறது.

இடுப்புப் பட்டையை வயிற்றில் கட்டுவது

கட்டாதீர்கள். தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் வர வேண்டும். வயிற்றில் உணவு செலுத்தக் குழாய் வைத்த பிள்ளை என்றால் இன்னும் கவனம்.

கருவிகளை முதுகுப் பக்கம் தொங்கவிடுவது

ஆக்சிஜன் சிலிண்டரோ சளி உறிஞ்சும் மெஷினோ கைப்பிடியில் தொங்கினால், சாய்தளம் ஏறும்போது நாற்காலி மல்லாக்கக் கவிழும். சீட்டுக்கு அடியில் தட்டு போடுங்கள். பின்னால் கவிழாமல் தடுக்கும் சின்னச் சக்கரங்களையும் கேளுங்கள்.

வீட்டை அளக்காமல் திரும்புவது

நம் ஊர்ப் பழைய வீடுகளில் திண்ணைக்கு ஏறவே பல படிகள். சாய்தளம் 1:12 கணக்கு, அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். முகப்பில் அதற்கு இடம் இருக்கிறதா, ஒவ்வொரு நிலைப்படியும் என்ன உயரம், கதவு என்ன அகலம் என்று பார்த்த பிறகே ஆர்டர். குளியலறைக் கதவையும் சேர்த்து.

கொடுத்ததோடு விட்டுவிடுவது

பிள்ளை வளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளக்கும் டேப்போடு போங்கள்.