சரவுண்ட் ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் சோபாவை நகர்த்துங்கள்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் ரெனோவேஷன் கொன்ட்ரெக்டரிடம் "அண்ணே, ஹாலுக்குப் பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர் வயரும் இழுத்து விட்டுருங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அவர் என்ன செய்வார் பாவம், பின்சுவரின் இரண்டு மூலையிலும் சீலிங்கை ஒட்டி வயரை வெளியே எடுத்துவிட்டுப் பூசி மூடிவிடுவார். பெயிண்டும் அடித்து முடித்த பிறகுதான் நாம் ரிசீவரும் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் பெட்டி) ஸ்பீக்கரும் வாங்கவே கிளம்புகிறோம். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள தாமான்களில் நான் பார்த்த பல ஹால்களில் சரவுண்ட் ஸ்பீக்கரின் இடத்தை முடிவு செய்தது வயர் எட்டிப் பார்க்கும் அந்த ஓட்டைதான்.

இடத்தை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் உட்காரும் இடம். 5.1 அமைப்புக்கு (முன்னால் மூன்று ஸ்பீக்கர், சரவுண்ட் இரண்டு, பேஸுக்கு ஒரு சப்வூபர்) டால்பி நிறுவனம் சொல்லும் கணக்கு இது: டிவிக்கு நேராக முகம் இருந்தால் அது 0 டிகிரி, சரவுண்ட் இரண்டும் இருபுறமும் 110 முதல் 120 டிகிரியில் இருக்க வேண்டும். அளவுகோல் எதுவும் வேண்டாம். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள், அது 90 டிகிரி. அங்கிருந்து கையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் எங்கே காட்டுகிறதோ அதுதான் இடம். ஸ்பீக்கர் உங்களுக்குப் பக்கவாட்டில் 2 மீட்டர் தள்ளி இருந்தால், காதின் கோட்டிலிருந்து சுமார் 70 செ.மீ. பின்னால் வரும். அவ்வளவுதான். பின்சுவரின் மூலை வேறு இடம், அது 7.1-இல் கூடுதலாக வரும் பின்பக்க ஜோடிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் (135 முதல் 150 டிகிரி). 5.1 மட்டும் வைத்திருப்பவருக்கு அங்கே மாட்டினால் மழையும் கூட்டமும் முதுகுக்குப் பின்னால் போய்விடும், பக்கவாட்டில் ஒரு வெறுமை இருந்துகொண்டே இருக்கும்.

சரி, சோபா பின்சுவரை ஒட்டியே கிடக்கிறதே, 70 செ.மீ.க்கு எங்கே போவது? கொண்டோக்களில் இது எல்லாருக்கும் உள்ள பிரச்சினை, ஒரு பக்கம் பால்கனிக் கண்ணாடிக் கதவு, மறுபக்கம் சுவரே இல்லாமல் நேராகக் கிச்சன். முடிந்தால் சோபாவை ஓர் ஒன்றரை அடியாவது முன்னால் இழுங்கள். சரவுண்டுக்கு இடம் கிடைக்கும் என்பதோடு, சுவரை ஒட்டி உட்காரும்போது வரும் அந்த 'கும்கும்' என்ற பேஸும் குறையும். இழுக்கவே முடியாது என்றால் பக்கவாட்டில் 90 டிகிரியை ஒட்டி, ஸ்டாண்டில் வையுங்கள். சுவர் இல்லாத பக்கத்துக்கும் ஸ்டாண்டுதான் வழி. ஒன்றைச் சுவரில் உயரமாகவும் மற்றொன்றைக் கிச்சன் மேசை மேலும் வைத்துவிட்டு ரிசீவர் சமாளித்துக்கொள்ளும் என்று விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

உயரத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள். எல்-வடிவ சோபாவின் ஓரத்தில் யாராவது உட்கார்ந்தால், சரவுண்ட் அவர் காதிலிருந்து அரை மீட்டரில் இருக்கும், அடுத்த ஓரத்தில் இருப்பவருக்கோ இரண்டரை மீட்டர். திறந்தவெளிக் கணக்கில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும், அப்படிப் பார்த்தால் அந்த இருவருக்கும் இடையே 14 டெசிபெல் வித்தியாசம். அறைக்குள் அவ்வளவு இருக்காது, ஆனாலும் ஓரத்தில் இருப்பவருக்கு அந்த ஒரு பெட்டியைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. அதே பெட்டியைக் காது மட்டத்திலிருந்து 60 செ.மீ. உயர்த்தினால் வித்தியாசம் 10 டெசிபெல் பக்கம் இறங்கிவிடும். அதனால் ஆட்மோஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அமைப்பு) இல்லாத வீட்டில் ஓர் அடி, இரண்டு அடி உயர்த்துவது நல்ல யோசனை. அப்படியே நேராகக் காதுக்குள் குறி வைக்காமல் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கும்படி திருப்பிவிடுங்கள். ஆட்மோஸ் போடப்போகிறீர்கள் என்றால் இதை அளவாகச் செய்ய வேண்டும், சரவுண்டும் மேலே, சீலிங் ஸ்பீக்கரும் மேலே என்றால் ஹெலிகாப்டர் எங்கே பறக்கிறது என்று தெரியாது.

ஆட்மோஸ் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒலியைச் சீலிங்கில் அடித்துத் திருப்பும் ஸ்பீக்கர்களை வாங்கும் முன் தலையைத் தூக்கி ஒருமுறை மேலே பாருங்கள். அதற்குத் தட்டையான, கெட்டியான சீலிங் வேண்டும். நம் ஹால்களில் படிப்படியாக இறங்கும் பிளாஸ்டர் சீலிங், அதற்குள் எல்இடி, நடுவில் ஐந்து இறக்கைக் காற்றாடி. இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த ஹால் என்றால் வாங்கவே வேண்டாம். பிளாஸ்டர் சீலிங்கே இன்னும் போடவில்லையா, அப்போதே சீலிங் ஸ்பீக்கருக்கு வயர் இழுத்துவிடுவது பின்னால் வரும் செலவைவிட மலிவு.

வாங்கும்போது நடக்கும் தவறுகளில் முதலாவது, அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்ஸை நம்புவது. பிஎம்பிஓ (கண நேர உச்சம்) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லை, தொடர்ந்து தாங்கும் வாட்ஸான ஆர்எம்எஸ் பாருங்கள், ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று சொல்லும் சென்சிட்டிவிட்டியும் பாருங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கர் தரும் அதே சத்தத்தை 90 டெசிபெல் ஸ்பீக்கர் பாதி வாட்ஸில் தந்துவிடும். சரவுண்டுக்கு ஆளுயர ஸ்பீக்கரும் தேவையில்லை, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சப்வூபரிடம் தள்ளிவிட்டால் சின்னப் புத்தக அலமாரி ஸ்பீக்கரே போதும். முன்பக்கம் மூன்றும் ஒரே பிராண்டின் ஒரே மாடல் வரிசையைச் சேர்ந்ததாக இருப்பது கட்டாயம், சரவுண்டும் அதே பிராண்டாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் உலகம் அழிந்துவிடாது.

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பக்கம் போய்ப் பழைய ஸ்பீக்கர் பார்க்கிறவர்கள், முன் வலையைக் கழற்றிக் கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பொடிந்துபோகும். ரப்பர் விளிம்பு தாங்கும்.

வயர்லெஸ் சரவுண்ட் என்பதில் சிக்னல் வயர்தான் இல்லை, கரண்ட் வயர் உண்டு. பின்சுவரில் பிளக் பாயிண்ட் இல்லாமல் அதை வாங்கி வந்தால் ஹால் முழுக்க எக்ஸ்டென்ஷன் ஓடும்.

வயர் வாங்கும்போது ரிசீவரிலிருந்து சுவரைச் சுற்றிப் பின்னால் வர 15 மீட்டர் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு 14 கேஜ் நல்லது (எண் கூடினால் வயர் மெலிசு). விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் நுனியில் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், மின்தடை அதிகம். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே செம்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், அது வெள்ளீயம் பூசிய செம்பு.

எல்லாம் மாட்டியபின் வரும் முதல் புகார், "பின்னாடி சத்தமே வரலண்ணே". முதலில் டிவியின் ஒலி அமைப்பைப் பாருங்கள். அது பிசிஎம்-இல் இருந்தால் பல டிவிகள் ரிசீவருக்கு இரண்டு சேனல்தான் அனுப்பும், பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றுங்கள். அது சரியாக இருந்தும் சத்தம் இல்லையென்றால் நீங்கள் பார்ப்பதே ஸ்டீரியோவில் வரும் சீரியலாக இருக்கலாம். இதற்குப் போய் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' பட்டனை அழுத்திவிட்டு, ஐந்து பெட்டியிலும் ஒரே வசனம் பேசுவதை ஹோம் தியேட்டர் என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம் ரிசீவரோடு வரும் அந்தச் சின்ன மைக்கை வைத்து ஆட்டோ செட்டிங் ஓட்டும்போது, மைக்கைச் சோபாக் குஷன் மேல் போடாமல் கேமரா ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்துங்கள், காற்றாடியையும் ஏர்கானையும் அணைத்துவிடுங்கள். முடிந்ததும் ரிசீவர் காட்டும் தூரங்களை டேப்பால் அளந்து ஒப்பிடுங்கள். சரவுண்ட் 2 மீட்டரில் இருக்க அது 4 என்று காட்டினால் மறுபடி ஓட்டுங்கள், இடதும் வலதும் மாறியிருக்கிறதா என்று டெஸ்ட் டோன் போட்டுக் கேளுங்கள். சப்வூபருக்கு மட்டும் இருப்பதைவிடக் கூடுதல் தூரம் காட்டும். அதற்குள் இருக்கும் சர்க்யூட்டின் தாமதத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறது, அதைக் கையால் திருத்தாதீர்கள்.