முனையத்தில் அஞ்சல் படிக்க: எம்பிசிங்க், நியோமட் அமைக்கும் முறை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. மின்சாரமும் இணையமும் போய்விட்டன. வண்டியின் காப்பீட்டுப் பத்திரம் மின்னஞ்சலில் இருந்தது; மடிக்கணினியில் சார்ஜ் இருந்தும் அதைத் திறக்க வழியில்லை. அதற்குப் பிறகுதான் என் அஞ்சல் முழுவதையும் என் கணினியிலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கினேன்.

இதற்கு இரண்டு நிரல்கள் போதும். ஐசிங்க் தொகுப்பில் உள்ள எம்பிசிங்க், சர்வரிலிருந்து அஞ்சலைக் கொண்டுவரும். நியோமட் அதை முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில், காட்டும். உபுண்டு, டெபியன் ஆகிய இரு லினக்ஸ் வகைகளிலும் இவற்றை ஆப்ட் என்னும் நிறுவல் கருவி வழியாகவே நிறுவலாம். சர்வரில் உள்ள அஞ்சலை அங்கேயே படிக்க உதவும் ஐமேப் நெறிமுறையை நியோமட்டே பேசும் என்றாலும், அந்த வழியில் இணையம் நின்றால் படிப்பதும் பெரும்பாலும் நின்றுவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஜிமெயில் வைத்திருப்பவர்கள் முதலில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட ஆப் பாஸ்வேர்டு (நிரலுக்கென்று தரப்படும் தனிக் கடவுச்சொல்) ஒன்றைப் பெற வேண்டும். வழக்கமான கடவுச்சொல் இங்கே செல்லாது. இந்த ஆப் பாஸ்வேர்டை எம்பிசிங்க்கின் அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதாமல், ஜிபிஜி என்னும் குறியாக்க நிரல் கொண்டு பூட்டிய தனிக் கோப்பில் வைத்து, 'பாஸ்கமாண்ட்' (PassCmd) வரியின் மூலம் எடுக்கச் சொல்லுங்கள்.

எம்பிசிங்க்கின் அமைப்புக் கோப்பில் நான்கு பகுதிகள் வரும்: கணக்கு (993ஆம் போர்ட்), தொலைவில் உள்ள கிடங்கு, நம் வட்டில் உள்ள மெயில்டிர் (ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக வைக்கும் முறை) கிடங்கு, இரண்டையும் இணைக்கும் சேனல். ஒரு வெற்று வரி வந்தாலே ஒரு பகுதி முடிந்ததாக அந்த நிரல் எடுத்துக்கொள்ளும். ஆகவே அழகுக்காக நடுவில் இடைவெளி விடாதீர்கள். மெயில்டிர் பாதையின் கடைசியில் சாய்கோடு இருக்க வேண்டும். அது இல்லாததால் என் அடைவுகளின் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. காரணம் புரிய ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆயிற்று. ஜிமெயிலின் 'ஆல் மெயில்' அடைவை ஆச்சரியக்குறியிட்டு விலக்கிவிடுங்கள், இல்லையெனில் ஒவ்வொரு கடிதமும் இரண்டு முறை இறங்கும்.

மிக முக்கியமானது சேனலின் 'சிங்க்' (Sync) வரி. முதல் சில நாள்களுக்கு அதில் 'புல்' (Pull) என்று மட்டும் எழுதுங்கள். அப்போது சர்வரிலிருந்து நம்மிடம் வருமே தவிர, நம் பிழை எதுவும் அங்கே போகாது. தவறுதலாக நீங்கள் அழித்த கடிதம்கூட அங்கே பத்திரமாக இருக்கும். எல்லாம் சரியாக வருகிறது என்று உறுதியான பிறகு 'ஆல்' (All) என மாற்றினால், படித்த அடையாளங்கள் இரு பக்கமும் ஒன்றாகும்.

நியோமட்டில் அஞ்சல் வகை மெயில்டிர் என்பதையும் அடைவின் பாதையையும் குறிக்க வேண்டும். தமிழ்க் கடிதங்களுக்கு லோக்கேல் (கணினியின் மொழி அமைப்பு) யூடிஎஃப்-8 ஆக இருப்பது அவசியம். சில முனையங்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும், அப்போது எம்எல்டெர்ம் முனையத்தை முயன்று பாருங்கள். கடைசியாக, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எம்பிசிங்க் ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.