நெஞ்சுவலி வராத இதய நோயில் துடிப்பு தடுமாறும்போது செய்யக்கூடாதவை

மதுரைப் பக்கம் நெஞ்சு படபடத்தால் முதலில் கைக்கு வருவது கோலி சோடா, அடுத்தது ஓமத் தண்ணீர். "வாய்வுதான், ஏப்பம் விட்டா சரியாப் போயிரும்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பார். இருபத்தைந்து வயதுக்காரருக்கு வரும் படபடப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான். பத்து வருடச் சர்க்கரை உள்ளவருக்கோ, இரத்தக் கொதிப்போடு பீடி, சிகரெட் பழக்கமும் உள்ளவருக்கோ அதே சமாதானத்தைச் சொல்லக்கூடாது. நீண்ட நாள் சர்க்கரை, இதயத்தின் வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளையே மரத்துப்போகச் செய்துவிடும். பாதத்தில் முள் குத்தியது தெரியாமல் போவது போலத்தான் இதுவும். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் முக்கால்வாசி அடைத்திருக்கும், வலி இருக்காது. ஆனால் இரத்தம் குறைந்த தசையில் மின்னோட்டம் சீராகப் போகாது. பழைய மாரடைப்பின் தழும்பு தசையில் இருந்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடும். துடிப்பு தடுமாறுவது அதனால்தான். சிலருக்கு நோயின் முதல் அடையாளமே அந்தத் தடுமாற்றம்தான்.

"ஈ.சி.ஜி. நார்மல்" என்றதும் நிம்மதியாகிவிடுவது அடுத்த தவறு. படுக்கவைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. ஏறத்தாழ 10 விநாடித் துடிப்பைத்தான் பதிக்கும். படபடப்பு அடங்கியபின் எடுத்தால் அதில் ஒன்றும் இல்லாமல் போகலாம். அதனால் படபடக்கும்போதே உட்கார்ந்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒழுங்கில்லாத துடிப்பில் கணக்கு தப்பும். எத்தனை துடிப்பு, இடையில் விட்டுவிட்டு வருகிறதா, சட்டென்று தொடங்கியதா, எப்போது நின்றது, அப்போது என்ன வேலையில் இருந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். நீடித்தால் பக்கத்தில் எங்கே ஈ.சி.ஜி. இருக்கிறதோ அங்கே போய் அப்போதே எடுத்துவிடுவது நல்லது. அந்தச் சீட்டு நாளாக ஆக மங்கிவிடும். ஜெராக்ஸ் எடுத்தோ போனில் படம் பிடித்தோ வைத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள், அந்தச் சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.

துடிப்பை நாள் முழுக்கப் பதியும் ஹோல்டர் கருவி மாட்டிய அன்று பலர் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறார்கள். அது வீண். மாடி ஏறுங்கள், கடைக்குப் போங்கள், வழக்கமான வேலையைச் செய்யுங்கள். குளியல் மட்டும் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை வரும் படபடப்பு 24 மணி நேரப் பதிவில் சிக்காமல் போகலாம். அப்படியானால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ பதியும் கருவி கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

துடிப்பை மட்டும் பார்த்து, குழாயைப் பார்க்காமல் விடுவதுதான் இதில் பெரிய தவறு. எக்கோ ஸ்கேனில், இதயம் தன்னிடமுள்ள இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் தள்ளும் அளவு 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால், அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவி தேவையா என்ற பேச்சே வரும். டிரெட்மில் சோதனையில் வேகமும் ஏற்றமும் 3 நிமிடத்துக்கு ஒருமுறை கூடும். முட்டிவலி என்று பாதியில் இறங்கிவிட்டு "டெஸ்டுல ஒண்ணும் இல்ல" என்று சொல்லக்கூடாது. 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத் துடிப்பையாவது தொடாத சோதனை முடிவு சொல்லாத சோதனைதான். வலியே இல்லாமல் ஈ.சி.ஜி. கோடு இறங்கினாலும் அது அடைப்பின் அடையாளமாகக் கணக்கில் சேரும்.

துடிப்பை அடக்கினால் போதும் என்ற எண்ணத்துக்கு 1989-இல் வெளிவந்த காஸ்ட் ஆய்வு பெரிய அடி. மாரடைப்பு வந்தவர்களுக்கு, இடையிடையே முந்தி வரும் இடைத்துடிப்பை அடக்க ஃப்ளெகனைடு, என்கனைடு மாத்திரைகளைக் கொடுத்தார்கள். இடைத்துடிப்பு குறைந்தது, சாவு கூடியது. யாருக்கோ எழுதிய படபடப்பு மாத்திரையை வாங்கிப் போடக்கூடாது என்பது இதனால்தான். துடிப்பைக் குறைக்கும் மெட்டோபிரலால் போன்ற மாத்திரையை "இப்ப நல்லா இருக்கேன்" என்று சட்டென்று நிறுத்தினாலும் துடிப்பு எகிறும், அடைப்பின் தொல்லையும் கூடும். மெடிக்கலில் சளிக்கும் பூஞ்சைக்கும் கேட்டு வாங்கும் அசித்ரோமைசின், ஃப்ளுகோனசோல் ஆகியவையும் சிலருக்குத் துடிப்பைக் குலைக்கும். இதய மருந்துச் சீட்டைக் காட்டாமல் வாங்காதீர்கள்.

சித்திரை வெயிலில் இன்னொன்று. நீர் மாத்திரை எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்கி, துடிப்பு கெடும். அதற்கு, பொட்டாசியம் உள்ள இளநீர் எல்லாருக்கும் மருந்தல்ல. சிறுநீரகம் பழுதானவருக்கும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுப்பவருக்கும் பொட்டாசியம் ஏறினாலும் இதயம் நின்றுபோகலாம். இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்னறிவிப்பே இல்லாமல், அதுவும் நடக்கும்போது மயங்கி விழுந்தால், "சுகர் இறங்கிருச்சு" என்று மிட்டாய் கொடுத்து முடித்துவிடாதீர்கள். சர்க்கரையைச் சோதித்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணம் தெரியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் இருந்தால் நேரே பெரியாஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கிளம்பாதீர்கள். 108-ஐ அழையுங்கள். 2023-இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் கொடுக்கிறார்கள்.

விழுந்தவருக்குக் கைகால் வெட்டி இழுத்தால் வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார்கள். இதயத்தின் கீழறை தாறுமாறாகத் துடித்து இரத்த ஓட்டம் நின்றாலும் முதலில் அப்படித்தான் இழுக்கும். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சில்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடினாலும் அது மூச்சல்ல. தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்குங்கள். ஒவ்வொரு அமுக்கலுக்கும் பிறகு மார்பு முழுதாக மேலெழ விடுங்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளலாம், 108 வந்து சேரும்வரை நிறுத்தக்கூடாது.